ஏழாவது கட்டம்

வரவேற்பு மேசைக்கு ஓர் ஆள் தேவை.
உள்ளிருந்தே எடுக்கலாம் என்றது தலைமை அலுவலகம்.
ஆறு வருடமாக மேல்மாடி அறைகளைப் பார்க்கும் யோகமலர்
வண்டிச்சோலைப் பக்கத்து லயத்திலிருந்து
ஏழரை மணிப் பஸ்ஸில் வந்தாள்.
சீருடை இல்லாமல் அவளை அன்றுதான் பார்க்கிறேன்.

பேனா என் கையில்.
படிவத்தில் ஏழு கட்டம்.
தோற்றம், நேரம் தவறாமை, கணினி, இன்னும் என்னென்னவோ.
கடைசியில்
‘தாய்மொழித் தாக்கம்’:
இல்லை, கொஞ்சம், அதிகம்.

எந்தத் தாய்மொழி என்று படிவம் கேட்கவில்லை.
அவள் அம்மா பேசுவது
கண்டியிலிருந்து கப்பலேறி வந்த தமிழ்.
டீக்கடையில் மலையாளம்,
காய்கறி மண்டியில் படுகர் பாஷை.
பன்னிரண்டாம் அறையில் சுருண்டு கிடந்தவரிடம்
வலி எந்தப் பக்கம் என்று கேட்டது
ஆங்கிலம்.
ஆம்புலன்ஸ் வரும்வரை அவள்தான் பேசிக்கொண்டிருந்தாள்.
அவர் பிழைத்தார்.
அவருக்குப் புரிந்திருந்தது.

‘ஒரு போன் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்றார்
திரையிலிருந்த பெங்களூர்க்காரர்.
இல்லாத ரிசீவரைக் காதில் வைத்து
‘குட் மார்னிங், வெல்கம் டு குன்னூர்’ என்றாள்.
‘கூனூர்.’
‘குன்னூர்.’
‘கூ... னூர்.’
ஜன்னலுக்கு வெளியே
அந்த ஊர்
எதுவும் சொல்லாமல் மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் முறை ‘கூனூர்’ என்றாள்,
பெயரைத் தப்பாகக் கூப்பிட்டாலும்
திரும்பிப் பார்த்தாக வேண்டியவர்களின் குரலில்.

நான் மட்டும் என்ன.
காரமடையில் ‘யெக்’ தின்று வளர்ந்தவன்.
கால்சென்டர் பயிற்சியில்
பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்தபடி
மூன்று மாதம் அந்த யகரத்தைத் துரத்தினேன்.
கோபம் வந்தால் இன்னும் அது எழுந்து வரும்.
அதனால் நான் கோபப்படுவதில்லை.

டிக் அடித்தேன்,
மூன்றாவது சொல்லில்.
பேனா நன்றாகத்தான் எழுதியது.

வேலை ரிஷாத்துக்குப் போனது.
ஊட்டி ஹாஸ்டல் பள்ளியில் படித்தவன்.
நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

போன வியாழன் இரவு
ஐந்தாம் அறையிலிருந்து கிளாஸ்கோ அம்மாள்
மூன்று தடவை போன் செய்தார்.
‘சாரி?’ என்றான் ரிஷாத். ‘சாரி?’
அப்பழுக்கில்லாத சாரி.
நான் வாங்கிக் கேட்டேன். எனக்கும் பிடிபடவில்லை.

போர்வை மடித்துக்கொண்டிருந்த யோகமலரைக் கூப்பிட்டோம்.
தலையைச் சாய்த்துக் கேட்டாள்.
‘யெஸ் மேடம். டூ மினிட்ஸ் ஒன்லி.’

சுடுதண்ணிப் பை.
ஒன்றல்ல, இரண்டு. அவர் கணவருக்கும் குளிர்கிறதாம்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.