ஓரவஞ்சனை

தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில்
மணல் தட்டி நின்றது வள்ளம்.
எஞ்சினை அணைத்தார் ததேயு.
ஐஸ் உருகுகிறது. கரையில் ஏலம் தொடங்கியாச்சு.

நிலாவைவிட நூற்றெண்பது மடங்கு
பலமாய் இழுக்கிறது சூரியன்.
ஆனால் தூரத்துப் பெரியமனுஷன்:
இந்தக் கடலுக்கும் பூமியின் மறுபக்கக் கடலுக்கும்
ஏறக்குறைய ஒரே பங்கு.
நிலா பக்கத்து வீடு.
கிட்ட இருப்பதற்குக் கொஞ்சம் கூட,
எட்ட இருப்பதற்குக் கொஞ்சம் குறைய.
அந்த ஓரவஞ்சனைதான் ஏற்றம்.

இன்று கறுத்தவாவு.
உச்சிவெயிலுக்குள் எங்கோ
சூரியனோடு கூட்டுச் சேர்ந்து நிற்கிறது
தெரியாத நிலா.

“கம்புல பாரும், நாலு விரல்” என்கிறான் கிளீட்டஸ்.
பிறகு ஒரு சாண்.

மணல்
கையை விட்டது.

நாளைக்கு ஐம்பது நிமிஷம் பிந்தும்.
தீப்பெட்டி அட்டையில் குறித்துக்கொள்கிறார் ததேயு.