எக்ஸ்ரேயில் ராஜா விழமாட்டார்

முன்பக்கப் படத்தில் முழு வட்டமாக விழுந்தால்
உணவுக்குழல்.
கீற்றாக விழுந்தால் மூச்சுக்குழல்,
ஓட வேண்டும்.

சபுராவுக்கு வட்டம்.
கழுத்தெலும்புகளுக்கு நடுவே
வெள்ளை வெளேரென்று
சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக.
மூன்று வயது. எச்சில் வழிய வழிய
என் அடையாள அட்டையைப் பிடித்து
இழுத்துக்கொண்டிருந்தாள்.

“பத்து சென்தானே?” என்றேன்.
அவள் அத்தா நெய்னா முகம்மது
வாசலைப் பார்த்தார்.
வாசலில் தியோ,
காரில் கொண்டுவந்து சேர்த்தவர்.
“பத்து சென்னா? ஆயிரம் வருஷம், மிஸ்ஸி.
சோழன் காசு. முன்பணமே முந்நூறு கொடுத்திருக்கிறேன்.”
ரிங்கிட் என்றார்.
எங்கள் வாயில் அது வெள்ளி.
காகிதத்தில் வெள்ளி ஏது.

ஞாயிற்றுக்கிழமை.
லோரோங் கூலிட்டில் நீலத் தார்ப்பாய் விரித்த கடை.
சதுரத் துளை போட்ட சீனக் காசு,
கும்பினிக் காசு,
ஜப்பான்காரன் வாழைமர நோட்டு,
ஓடாத கைக்கடிகாரங்கள்.
நடுவே சிவப்புத் துணிமேல் அது மட்டும் தனியாக:
ஒரு பக்கம் நிற்கிறவன்,
மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறவன்.
கடாரத்துக்குக் கப்பல் வந்தபோது
மெர்போக் ஆற்றுச் சேற்றில் தவறி விழுந்ததாம்.
தியோ பூதக்கண்ணாடிக்காகப்
பைக்குள் கையை விட்ட நேரம்
சபுரா எடுத்து வாயில் போட்டுவிட்டாள்.

படத்தில் நிற்கிறவனும் இல்லை,
உட்கார்ந்திருக்கிறவனும் இல்லை.
எக்ஸ்ரேயில் ராஜா விழமாட்டார்.
கனம்தான் விழும்.

பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன்.
பிறந்த பிள்ளைக்குத் தொப்புள் பிதுங்கக் கூடாதென்று
பிளாஸ்திரி வைத்து ஒட்டிய ஐம்பது சென்.
எண்ணெய் தொட்டுக் காசால் சுரண்டிக்
காற்றிறக்கிக்கொண்டு வந்த மலாய்க்காரர் முதுகில்
மீன்முள் போலச் சிவப்புக் கோடுகள்.
மஞ்சள் துணியில் முடிந்த வேண்டுதலை
மணிக்கட்டிலிருந்து அவிழ்க்கமாட்டேன் என்று
ஸ்கேன் அறை வாசலில் அழுத ஆயர் ஈத்தாம் அம்மாள்.
பிறகு என் அப்பா.
அவர் நெற்றியில் சந்தனத்தோடு ஒட்டிய ஒற்றை ரூபாய்,
எந்தக் கப்பலில் வந்ததோ.
பெட்டியை மூடும் முன்
சித்தப்பா அதைப் பெயர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

டாக்டர் ஹஸ்லினா வந்து படத்தை நிமிர்த்திப் பிடித்தார்.
“என்ன உலோகம்?”
“செம்பு” என்றார் தியோ. கொஞ்சம் பெருமையாக,
“அந்தக் காலத்தில் ஈயமும் கலப்பார்கள்.”
“ஈயமா?”
டாக்டரின் குரல் மாறிவிட்டது.
“எவ்வளவு?”

சுவரில் இருந்த ‘புகைபிடிக்காதீர்’ அறிவிப்பை
நெய்னா நான்கு மொழியிலும் படித்து முடித்தார்.
பிறகு தமிழில், எனக்கு மட்டும்:
“ஈயமெல்லாம் இல்லம்மா.
கரண்டுக் கம்பி உருக்குன செம்பு.
பட்டர்வொர்த்துல ஒரு பட்டறை இருக்கு.
வினிகரும் உப்பும் தடவி
மூணு மாசம் மண்ணுல போட்டு வச்சேன்.”

“என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?” என்றேன்.

“பால்சு” என்றார் டாக்டரைப் பார்த்து.
அவ்வளவுதான். மலாயில் போலிக்கு அந்த ஒரு சொல் போதும்.
தியோவுக்கும் அது கேட்டது.

டாக்டர் பெருமூச்சு விட்டு, “நல்லது” என்றார்.
போலியென்று கேட்டு ஒருவர் மகிழ்ந்து
நான் பார்த்தது அன்றுதான்.

இரவு எட்டரைக்கு
எஃகுத் தட்டில் ‘டிங்’ என்று விழுந்தது.
பூசிய பச்சை பாதி கரைந்திருந்தது,
நிற்கிறவன் பளபளவென்று நின்றான்.
தியோ இன்னும் போகவில்லை.
முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
காசைக் கையில்கூட வாங்காமல் கேட்டார்:
“போன வருஷம் வாங்கினேனே, ரெண்டு?”

நெய்னா, தூங்கும் பிள்ளையின்
காலுறையை இழுத்துச் சரிசெய்தார்.
காலுறை சரியாகத்தான் இருந்தது.