ஏறாத முள்

சாவியை அரைத் திருப்பில் நிறுத்தி
ஹீட்டர் கம்பி சிவக்கும்வரை பொறுக்கணும்.
பீடி நுனி அளவு வெளிச்சம்.
மார்கழியில் சிறுமலை
ராத்திரியோடு ராத்திரியாக இறங்கி வந்து
வாடிப்பட்டித் தெருக்களில் படுத்துக்கொள்ளும்.
டீசலே சோம்பல் முறிக்கிற மாதம்.

முதல் திருப்பில் இருமல்.
இரண்டாவதில் செருமல்.
மூன்றாவதில்
"இந்தப் புகைக்கு ஒரு விடிவு இல்லையா" என்ற
காமாட்சி டீச்சரின் சன்னல் குரலோடு சேர்ந்து
அம்பாசிடர் உயிர் பிடித்தது.

தவமணி அக்கா பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார்.
ஒரு பை. மடியில் பத்திர ஆபீஸ் உறை.
கையெழுத்து நேற்றே முடிந்தது.
இட்லி வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த வாய்
இன்னும் இறுகித்தான் இருந்தது.
"எடுங்க தம்பி."

"வண்டி சூடாகணும்க்கா. அஞ்சு நிமிசம்."

"இதெல்லாம் ஒரு குளிரா?
பூனாவுல பல்லு தந்தியடிக்கும்.
அங்க சாவி போட்டதும் வண்டி கிளம்பிருது."

"அது புது வண்டிக்கா."

பொய்தான்.
ஒரு நிமிசம் போதும், மிச்சமெல்லாம் டீசலுக்குப் பிடித்த கேடு என்று
மஸ்தான் பாய் எத்தனை தடவை ஏசியிருக்கிறார்.
ஆனால் அந்த வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது.
ஒச்சு அண்ணன் தூங்கவில்லை.
தூங்காதவர் வெளியே வரவும் இல்லை.
என்ஜினுக்கு எவ்வளவு நேரமென்று பாய் சொல்லியிருக்கிறார்.
இதற்கு எவ்வளவு என்று யாரைக் கேட்பது?

தெருநாய் ஒன்று சைலன்சர் பக்கமாக வந்து
ரெண்டு சுற்றுச் சுற்றிப் படுத்தது.
கண்ணாடியில் பனி கோடு கோடாக வழிந்தது.
முன்னறை விளக்கு அணைந்து
அடுப்படி விளக்கு எரிந்தது.
ஏதோ பாத்திரம் உருண்டது.
பிறகு அதுவும் அணைந்தது.

அக்கா எட்டி
டேஷ்போர்டு முள்ளைப் பார்த்தார்.
அது செத்து ஆறு வருசம்.
சித்திரை வெயிலில், கப்பலூர் பக்கம்,
ரேடியேட்டர் கொதித்து மூடியைத் துப்பியபோதும்
அடிக்கோட்டிலேயே குந்தியிருந்த முள்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவரே,
"இன்னும் ஏறலையே…
ரெண்டு நிமிசம் போகட்டும்" என்றார்.

வாயை மூடிக்கொண்டேன்.

ஒச்சு அண்ணன் தலையில் மஃப்ளரோடு வந்தார்.
கதவுப் பக்கம் வரவில்லை.
நேரே முன்னால் போய்
பானெட் மேல் இரண்டு கையையும் விரித்து வைத்தார்,
குப்பை கொளுத்திக் குளிர்காய்கிறவர் மாதிரி.
என்னைப் பார்த்துச் சொன்னார்:
"அதான் சூடாயிருச்சேடா. எடுக்க வேண்டியதுதான?"
கையை மட்டும் எடுக்கவில்லை.

பின்கண்ணாடி நாலு விரல் இறங்கியது.
"முள்ளு இன்னும் ஏறலயாம்."

பதினோரு மாதத்தில்
வக்கீல் நடுவில் இல்லாமல்
அந்த வீட்டில் பேசப்பட்ட முதல் வாக்கியம்.

கப்பலூரில் அன்றைக்கு
தண்ணீர்க் குடம் தூக்கி ஓடிவந்தவரே ஒச்சு அண்ணன்தான்.
முள்ளின் கதை அவருக்குத் தெரியும்.
என்னைப் பார்த்தார்.
நான் வைப்பரைப் பார்த்தேன்.

"சரி, ஏறட்டும்" என்றார்.

கொடைரோட்டுக்கு அரை மணி.
ரயிலுக்கு ஐம்பது நிமிசம்.
ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் பிடித்தேன்.
சத்தம் கொஞ்சம் கூடட்டும்,
மெதுவாகப் பேச நினைக்கிறவர்களுக்கு
ஒரு மறைப்பாக இருக்கும்.

டீச்சர் சன்னலை அறைந்து சாத்தினார்.