முப்பதாம் தேதிக்காரி

நான் பிறந்த நாள்
பஞ்சாங்கத்தில் ஒரே ஒரு முறை வந்தது.
ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு,
பிப்ரவரி முப்பது, வெள்ளிக்கிழமை.
ஸ்வீடனில் மட்டும்.

ஏனென்று கேட்டால் கோயில்பிள்ளை ஹோகன்
மூக்கைச் சிந்திவிட்டுத்தான் தொடங்குவார்:
உலகத்தோடு ஒத்துப்போக
நாட்களை ஒவ்வொன்றாகக் கழிப்பதாய்ச் சொன்னது ராஜாங்கம்.
ஒன்றைக் கழித்தது. போர் வந்தது. மீதியை மறந்தது.
அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை என்று
பன்னிரண்டு வருடம் நின்றபின்
எடுத்ததைத் திருப்பி வைத்தது,
திருடிய கோழியை ராத்திரியோடு ராத்திரியாய்
கூண்டுக்குள் விட்டுப் போகிறவன் மாதிரி.

அந்தக் கோழி நான்.

வரிக்காரன் மார்ச் முதல் தேதி வருவதாகச் சொல்லி
மாட்டுக் கொம்பில் தார் பூசிப் போயிருந்தான்.
ஒரு நாள் கூடுதலாய்க் கிடைத்ததில்
அம்மா இன்னும் இரண்டு வேளை கறக்கலாம்.
இரண்டாவது வேளையில் பாதியில் வலி.
பண்ணையாள் யோரான் அன்று காலை
முப்பதாம் தேதிக்குத் தனிக் கூலி கேட்டானாம்.
வருஷக் கூலியில் அடக்கம் என்றார் எஜமான்.
அப்படியானால் இன்று நான் இல்லை என்று
எங்கள் தொழுவத்து வைக்கோலில் வந்து படுத்திருந்தான்.
என் முதல் அழுகையைக் கேட்ட ஆண்பிள்ளை அவன் ஒருவன்.
அப்பா ருஷ்யாவில் கைதி.
அங்கே அன்று இருபத்தொன்பது.
கடலுக்கு அக்கரையில் டென்மார்க்கில் மார்ச் பதினொன்று.

மறுநாள் மாடு போயிற்று.
நான் இருந்தேன்.

பிறகு ஊருக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது.
கடனை எப்போது தருவாய்?
மார்த்தாவின் பிறந்தநாளில்.
என்னை எப்போது கட்டிக்கொள்வாய் என்று
நானே ஒருவனைக் கேட்டபோதும் அதே பதில்.
ஆலைக்காரர் மகள் பெங்க்டா
விலா நோகச் சிரித்தாள்.
அவளுக்கு பிப்ரவரி இருபத்திரண்டு;
வருடம் தவறாமல் குங்குமப்பூ ரொட்டி.

இந்த வருடம் ராஜாங்கத்துக்கு மறுபடி ஞானம் பிறந்தது.
புதன்கிழமை, பிப்ரவரி பதினேழு.
தூங்கி எழுந்தால் வியாழக்கிழமை, மார்ச் ஒன்று.
பதினோரு நாள், ஒரு குறட்டை நேரத்தில்.

அன்று சாயங்காலம் பெங்க்டா கதவைத் தட்டினாள்.
காலணியில் பனி. கம்பளி முக்காட்டில் மாவு.
"எனக்கு நாற்பது ஆயிற்றா, இல்லையா?"
பாதிரியாரிடம் கேட்டிருக்கிறாள்; அவர் ஜெபம் செய்யச் சொன்னாராம்.
"நீ எப்படிச் சமாளித்தாய் மார்த்தா?"

அவளுக்கென்றே பதில்கள் வைத்திருந்தேன்,
பீப்பாய் மீனைப் போல உப்பில் ஊறவைத்து.
மூடியைத் திறக்கத் தோன்றவில்லை.
முக்காலியைத் தள்ளிப் போட்டேன்.

சொன்னேன்: மாதக் கடைசி ராத்திரி
விளக்கணைத்தபின் தொழுவத்துக்குப் போவேன்.
எந்த மாடு இருக்கிறதோ அதனிடம் ஒரு கோப்பை கறந்து
நின்றபடியே குடிப்பேன்.
எந்தத் தேதியிலும் சேராத பால்.
அவ்வளவுதான். வேறு வித்தை இல்லை.

"உங்கள் மாடு இப்போது கறக்கிறதா?"

லாந்தரை அவள் பிடித்தாள்.
மாடு எரிச்சலோடு காலை மாற்றி வைத்தது.
பெங்க்டா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள்;
மேலுதட்டில் நுரை, சின்னப்பிள்ளை போல.
வீட்டில் அவள் கணவர் காட்டட்டும் என்று நான் சொல்லவில்லை.

பாதிக் கோப்பையோடு கிளம்பியவள்
வாசலில் திரும்பி,
"கோப்பையை நாளைக்குத் தருகிறேன்" என்றாள்.

நாளைக்கு என்ன தேதி என்று
இருவரும் கொஞ்ச நேரம் நின்று யோசித்தோம்.