மூச்சு

வடபழனி, பகல் காட்சி. பதினேழு பேர்.
நடிகனுக்குத் தணிகாசலத்தின் முகமில்லை.
மூக்கு வேறு, உயரமும் கூடுதல்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

நான் மைக்செட் போட்டவன்.
தங்கசாலை முதல் சைதாப்பேட்டை வரை
அவர் பேசிய கூட்டமெல்லாம் என் ஒயர்தான்.
பேச்சை யாரும் எழுதிக்கொள்ளலாம்.
அதற்கு முன்னால் ஒரு மூச்சு வரும்,
பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கினாற்போல்.
அதைக் கேட்டது நானும் ஆம்ப்ளிஃபயரும்.

இடைவேளைக்குப் பிறகு,
பதவி போன இரவு.
வசனமில்லை, வயலின் இல்லை.
சோபாவுக்கடியில் காலால் துழாவி
இன்னொரு செருப்பைத் தேடுகிறார்.
கிடைக்கவில்லை.
அப்போது அந்த மூச்சு.

யாரிடம் கேட்டாய் தம்பி?
எந்தக் கேசட்டிலும் அது கிடையாது.
வெட்டிவிட்டுத்தானே கொடுத்தேன்.

துப்பாக்கிச்சூட்டில் செத்த மூன்று பேரையும்
பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறாய்.
உத்தரவில் கையெழுத்துப் போட்ட பேனாவையும்,
போட்ட பிறகு அவர் கை கழுவப் போனதையும்,
குழாயில் தண்ணீர் வராததையும்.
காப்பாற்றவுமில்லை, கல்லெறியவுமில்லை.

வெளியே வந்தால் ஆற்காடு சாலை,
மெட்ரோ பள்ளம், கண் கூசும் வெயில்.
ஆறு கூட்டத்து வாடகை
எனக்கு இன்னும் பாக்கி.
அதையும் வைத்திருக்கலாம்.