அறுபது சென்டிமீட்டருக்குக் கீழே

லாங்கெட்டே ஒரு காலத்தில் இங்கேதான் ஓடியது.
பிறகு தன் படுகையைத் தானே அறுத்துக்கொண்டு
மூன்று மீட்டர் கீழே இறங்கிப் போனது.
விட்டுப்போன மேடையில் வண்டல் மட்டும் மிச்சம்,
வெள்ளம் களைத்து நின்ற நாட்களில்
மெல்லப் படிந்த, மாவினும் நுண்ணிய களி.

மேடு என்றால் காய்ந்திருக்கும் என்று
யாரும் நினைப்பார்கள்.
என் காலணி நினைக்கவில்லை.
ஒவ்வோர் அடியையும் உறிஞ்சிப் பிடித்து
மனமில்லாமல் விடுகிறது மார்ச் மாதப் புல்.
ஆறு தராவிட்டால் என்ன,
பின்னால் குன்றடியில் கசிவு ஓயவில்லை.

துளைக்கோலை மிதித்து இறக்குகிறேன்.

முதல் இருபது: கரும்பழுப்பு,
வேர் பின்னிய ரொட்டித் துணுக்கு.
வெட்டுப்படாமல் தப்பிய ஒரு மண்புழு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாற்பதில் துரு.
செத்த வேர்கள் போன வழியெல்லாம்
செம்மஞ்சள் குழல்கள்;
காற்று அந்த வழியாகத்தான் வந்து போகிறது.
கடுகளவு கறுப்பு மணிகள்,
நகத்தில் நசுக்கினால் கரி.

அறுபதில்
நிறமே விலகிவிடுகிறது.
சாம்பல்; அதற்குள் கொஞ்சம் நீலம், கொஞ்சம் பச்சை,
அடிபட்டு நாலு நாளான தோல் மாதிரி.
நிற அட்டைகளில் இதற்கென்றே
கடைசியில் தனிப்பக்கம் உண்டு.
முகர்ந்தால், எங்கோ தொலைவில் கெட்டுப்போன முட்டை.

சொட்டுமருந்து விட்டு எண்ணினேன்.
முப்பதுக்குள் சிவந்துவிட்டது.
மூச்சில்லாத இரும்பு
இப்படித்தான் கையை உயர்த்தும்.

மார்கிரித் இங்கோல்ட்
மாட்டுக்கொட்டகையிலிருந்து நடந்து வருகிறார்.
புறவழிச்சாலை இந்த மேடையை வெட்டிக்கொண்டு போகப்போகிறது.
சதுரமீட்டருக்கு எத்தனை ஃபிராங்க் என்பது
என் படிவத்தின் ஒரே கட்டத்துக்குள் இருக்கிறது.
"ஆகஸ்டில் வந்திருக்க வேண்டும் நீங்கள்.
தூசி பறக்கும்."
பறக்கும்தான்.
ஆகஸ்டிலும் அறுபதில் இதே சாம்பல்:
வருடத்தில் எத்தனை மாதம் நீர் நின்றது என்று
நீர் போன பிறகும் சொல்லும்.

போர்க்காலத்தில் புதைத்த சுட்டமண் குழாய்கள் உண்டாம்.
வரைபடம் புதைத்தவர் தலைக்குள் இருந்ததாம்.
வாய்க்கால் கரையில் ஒரு வாய் மட்டும் கண்டுபிடித்தோம்:
பாப்லர் வேரும் ஆரஞ்சுக் கூழும் அடைத்து
இரண்டு நிமிடத்துக்கு ஒரு சொட்டு.

"உங்கள் ஆட்கள் இதில் நெல் போடுவார்கள்தானே?"
கேலியில்லை, உண்மையாகவே கேட்கிறார்.
நான் பிறந்தது புர்க்டோர்ஃபில்.
எனக்குத் தெரிந்த நெல்
பத்துக் கிலோப் பையில், ஏற்கெனவே அரிசியாக.

ஆனால் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில்
ஒருமுறை புன்செய்யையும் நன்செய்யையும்
மாற்றி எழுதி மதிப்பெண் இழந்தேன்.
நீர் நிற்கிற நிலத்துக்கு எப்படி நல்ல பெயர் என்று
பத்து வயதில் விளங்கவில்லை.
இன்று விளங்குகிறது; உதவவில்லை.
இந்தப் படிவத்தில் நீர் நிற்பது கழித்தல்.
வேர் ஆழம் குறைவு, கழித்தல்.
டிராக்டர் ஏற்றினால் இறுகும், கழித்தல்.
நன்செய் என்று எழுத ஒரு கட்டமில்லை.

"ஒரு வகுப்பு உயர்த்திப் போட முடியாதா?"

பதில் சொல்லுமுன் இருவரும் துளைக்குள் பார்த்தோம்.
அடியிலிருந்து நீர் ஏறிக்கொண்டிருந்தது,
அவசரமில்லாமல்,
கூப்பிட்டதும் எழுந்து வரும் சாட்சி போல.
ஐம்பத்திரண்டில் நின்றது. அளந்தேன்.
மார்கிரித் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
"சரி. இருபது வருடமாய்
சோளம் மஞ்சளானது இதனால்தானா?"
இதனால்தான் என்றேன்.
எண்ணை உள்ளபடியே எழுதினேன். அவர் பார்க்கவில்லை.
மாடுகள் கத்தின, போய்விட்டார்.

அறுபதிலிருந்து ஒரு கட்டி எடுத்து
பக்கத்து இருக்கையில் நாளிதழ் விரித்து வைத்தேன்.
லாங்கென்டால் சிவப்பு விளக்கில் நின்றபோது பார்த்தால்
அதன் ஓரங்கள் பழுப்பாகியிருந்தன.
காற்றுப் பட்டதும்
வாக்குமூலத்தை மாற்றத் தொடங்கியிருந்தது.