ஆறு இலக்கம்

நாவற்குழித் தண்ணீர்ப் பூங்காவின்
நினைவுப்பொருள் கடையில் இப்போது காசாளர் இல்லை.
நான் இருக்கிறேன், வாசலில்,
போன் திரையில் பச்சைச் 'சரி' விழுந்தால்
தலையாட்டி வெளியே விட.

பொருளின் முதுகிலுள்ள கறுப்புக் கோடுகளைப்
போனே படிக்கும், கூட்டும்,
உறுப்பினர் என்றால் கழிவையும் தானே கழிக்கும்.
முதற்கிழமை ஒருவர்
கோடுகளை நகத்தால் உரசிப் பார்த்துவிட்டு
"தங்கச்சி, இது சுரண்டுற லொத்தரோ?" என்றார்.

சிக்னல் ஐஸ்கிறீம் பெட்டியடியில் மட்டும்.
அதனால் எல்லாரும் அங்கேதான்
ஈரத் துவாயோடு நின்று பணம் கட்டுகிறார்கள்,
குளிர்ந்த கண்ணாடியில் முழங்கை ஊன்றி.

ஞாயிறு, மாலை நாலரை.
ஒரு தகப்பனும் மகளும்.
அவள் தொப்பியில் 'ஆரபி' என்று எழுதியிருந்தது.
கையில் பஞ்சு ஆமை. பாதி நனைந்துவிட்டது,
இனி வாங்காமல் முடியாது.
இரண்டாயிரத்துத் தொளாயிரம் ரூபாய்.

"அம்மான்ரை மெம்பர்சிப்பிலை போட்டால் குறையும் அப்பா."

"வேண்டாம், முழுக்காசையும் குடுப்பம்" என்று
அவர் சொல்லி முடிக்குமுன்
சின்ன விரல் அமத்திவிட்டது.

வணக்கம், கௌரிமலர் நிமலேந்திரன்.
உங்களுக்குப் பதினைந்து வீதம் கழிவு.
உங்கள் தொலைபேசிக்கு ஆறு இலக்கம் அனுப்பியுள்ளோம்.

உங்கள் தொலைபேசி அங்கே இல்லை.
கோண்டாவிலில் ஏதோ ஒரு மேசையில்
அது அதிர்ந்திருக்க வேண்டும்.
நிமலேந்திரன் இவர்தான் என்று
அவர் திரையைப் பார்த்த விதத்தில் விளங்கியது.
தன் பெயர் அவள் பெயருக்குப் பின்னால்
இன்னும் நிற்கிறது,
ஆண்டுச் சந்தா முடியும்வரைக்குமாவது.

நானூற்று முப்பத்தைந்து ரூபாய்.
ஒரு கொத்துரொட்டிக்கும் காணாது.

என்னிடம் ஒரு பொத்தான் உண்டு: 'ஊழியர் அனுமதி'.
அமத்தியிருக்கலாம்.
அமத்தவில்லை.
கேட்டால் விதிமுறை என்பேன்.

அழைத்தார்.
அதே போனில் இலக்கத்தையும் தட்டவேண்டும்,
அதனால் ஸ்பீக்கரில்.
ஐந்தாவது மணிக்கு:

"ம்."
"நான்தான்."
"தெரியும்."
"ஒரு நம்பர் வந்திருக்கும்."
"வந்தது. ஆரோ கள்ளர் எண்டு நினைச்சன்."

அவர் சிரிப்பை விழுங்கியதை
ஐஸ்கிறீம் பெட்டியின் இரைச்சல் மறைத்தது.

"நாலு. பூச்சியம். ஏழு. ஏழு..."
நிறுத்தினாள்.
"தலை துடைச்சவளோ?"
"துடைக்கிறன்."
"காதுக்குள்ளையும். பிறகு சளியெண்டு நான்தான் முழிச்சிருக்கிறது."
"ஓம்."
"என்ன வாங்குறாள்?"
"ஆமை."
"வீட்டிலை ஒண்டு கிடக்கெல்லே?"
"அது அங்கை. இது இங்கைக்கு."

பிறகு ஒருவரும் பேசவில்லை.
அலைக்குளத்தில் அடுத்த அலைக்கு ஊதினார்கள்.
பிள்ளைகள் கத்தினார்கள்.
ஆமையின் காலிலிருந்து ஒரு துளி
நான் காலையில் துடைத்த தரையில்.

இலக்கம் காலாவதியாகிவிட்டது.
புதியது வேண்டுமா?

அவர் என்னைப் பார்த்தார்.
நான் கூரை விசிறியைப் பார்த்தேன்.

"கௌரி, அது முடிஞ்சுது. இன்னொண்டு வரும்."
"வரட்டும்" என்றாள்.
"வாசிக்கிறன். ஆறுதலாய்த் தட்டுங்கோ."

பச்சை விழுந்தது. தலையாட்டினேன்.
அவர் அசையவில்லை.
பெட்டியடியை விட்டால் அழைப்பு அறுந்துவிடும்.
இப்போது ஸ்பீக்கரில் இல்லை, காதோடு வைத்திருந்தார்,
தண்ணிக் கட்டணம், பள்ளிக்கூடச் சப்பாத்து,
பிறகு எனக்குக் கேட்காத எதையோ பேசிக்கொண்டு.
பின்னால் நாலு பேர்
தங்கள் போன்களை வானத்துக்குத் தூக்கிப்
பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆரபி கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்தினாள்.
"அக்கா, ஐஸ்கிறீமுக்கும் கழிவு இருக்கோ?"

இருக்கு என்றேன்.
அதுக்கும் நம்பர் வரும்.